மூடியில் ஒரு பொட்டு

“பழைய மூடி ஓட்டை அடைப்பு. புது மூடி மாட்டியது. செயின் டைட் வைத்தது. இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தது. நிற்கவில்லை.”

திண்டுக்கல்லில் மோட்டார் பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் நீல மையில் எழுதிக் கொடுத்த சீட்டு இது. மேல் மூலையில் 17-10, வியாழன் என்று இருக்கிறது. ஆண்டு இல்லை. அக்டோபர் பதினேழு வியாழக்கிழமையாக வந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 2002, 2013, 2019, 2024. முதலாவதில் நான் பிறக்கவில்லை. கடைசி இரண்டில் அந்த மரம் அறுக்கும் மிஷின் எங்களிடம் இல்லை. ஆகவே 2013. ஆயுத பூசை முடிந்த நான்காம் நாள்.

அப்பா இறந்த பிறகு அவருடைய சவரப் பெட்டியின் அடியில் இந்தச் சீட்டு கிடைத்தது. அதனோடு இன்னொரு பொருளும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் சாலையில் இறங்கி உள்ளே ஒன்றரை மைல் நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. இரண்டு வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. எங்கள் தோப்பில் தென்னைகள் முதலில் மட்டைகளைத் தொங்கவிட்டன. பிறகு கொண்டை ஒடிந்து விழுந்து, வெறும் கம்பங்களாக நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூரத்திலிருந்து பார்த்தால், கரண்டு கம்பிகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டது போல இருக்கும். செத்த மரத்தை நிற்கவிட்டால் வண்டு சேரும், நல்ல மரத்தையும் தின்னும் என்று எல்லோரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுகிற ஆட்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

“நாமளே ஒரு மிஷின் வாங்கிப்புட்டா என்ன?” என்று கேட்டவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. எதிரெதிரே இரண்டு வீடு, நடுவில் பொது வாசல். அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் எதையும் நினைத்த மாத்திரத்தில் செய்துவிடுவார். அப்பாவோ, புதிய பல்பு மாட்டினால்கூட அதன் அடியில் பேனாவால் தேதி எழுதி வைத்து, எத்தனை மாதம் எரிகிறது என்று பார்க்கிறவர். டார்ச்சு பேட்டரி, கொசுவர்த்திப் பெட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தேதி இருக்கும். எனக்கு இந்த வழக்கம் வேறெங்கிருந்தும் வரவில்லை.

மிஷின் கேரளாவிலிருந்து வந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லாரி ஒன்று திரும்பி வரும்போது, காலிப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் அதன் டிரைவர். ரப்பர் தோட்டத்தில் ஓடிய மிஷினாம். ஆரஞ்சு நிறம் தேய்ந்து, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

“ஏனுங்கண்ணா, இழுத்துப் பாருங்க. ஒரே இழுப்புல புடிச்சுக்குமுங்க.”

அப்பா கிளப்பும் கயிற்றை இழுக்கவில்லை. உள்ளங்கையை இஞ்சின்மேல் வைத்தார்.

“சூடா இருக்கே. வர்ற வழியில ஓட்டிக் காட்டிட்டு வாரீகளோ?”

“லாரி இஞ்சினுக்குப் பக்கத்துல வச்சிருந்தமுங்க. அந்தச் சூடுங்க.”

“அண்ணே, அவரு மிஷினுக்கு வெந்நி ஒத்தடம் குடுத்துக் கூட்டியாந்திருக்காரு” என்றார் சித்தப்பா. டிரைவரே சிரித்துவிட்டார்.

“இங்கனயே கெடக்கட்டும். நாளைக்குக் காலையில ஆறுன பெறகு இழுத்துப் பாக்குறேன்” என்றார் அப்பா. பழைய மிஷினைச் சூட்டில் யார் வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம், குளிரில் கிளம்புகிறதா என்பதுதான் அதன் வயது என்று பின்னால் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் ஊர்க் காக்கைகள் எல்லாம் எழும்பின. நான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

அப்பா ஒவ்வொரு பாகமாகத் தடவிப் பார்த்தார். பெட்ரோல் டேங்கின் மூடியில் வந்து நின்றார். மற்றதெல்லாம் ஆரஞ்சு, அது மட்டும் கருப்பு.

“இது இதோட மூடி இல்லையே?”

“அது தொலஞ்சு போச்சுங்க. மருந்தடிக்கிற டேங்கு மூடிங்க இது. கச்சிதமா உக்காந்துக்குச்சு. நடுவுல ஊசியச் சுட வச்சு ஒரு ஓட்டை போட்டிருக்குதுங்க. மூச்சு விடுறதுக்குங்க. காத்து உள்ள போகலீன்னா பெட்ரோல் எறங்காதுங்க, கொஞ்ச நேரம் ஓடி நின்னுருமுங்க.”

அப்பா தலையாட்டினார். மிஷினுக்கு மூச்சு உண்டு என்பது எனக்கு அன்றைய பெரிய செய்தி. யாரும் பார்க்காதபோது குனிந்து அந்த ஓட்டையில் காதை வைத்துக் கேட்டேன். பெட்ரோல் நெடிதான் வந்தது.

அந்த ஆடியிலிருந்து புரட்டாசி வரை எங்கள் வீட்டில் மிஷினின் ராஜ்யம்தான். நான் பால் குடித்த பீடிங் பாட்டிலை அப்பா பரணிலிருந்து எடுத்துவிட்டார். அதில் அளவுக் கோடு இருக்கிறதே. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கோடு ஆயில் என்பதை அதில்தான் அளப்பார். என் பாட்டிலில் கருஞ்சிவப்பு ஆயில் நிற்பதைப் பார்க்க எனக்குக் கோபமாக வரும். சாயங்காலமானால் உருண்டை அரத்தை வைத்துக்கொண்டு செயினின் பல் ஒவ்வொன்றையும் தீட்டுவார். பல்லுக்கு ஐந்து இழுப்பு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எந்தப் பல்லில் தொடங்கினோம் என்று தெரிய, அம்மாவின் நகப்பூச்சை எடுத்து ஒரு பல்லில் மட்டும் தடவியிருந்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் காற்று வடிகட்டியைத் தட்டுவார். முடிந்ததும் ஷெட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் தேதி.

“நான் பொண்டாட்டியா இருந்து என்ன பிரயோசனம், அரமா இருந்திருக்கலாம்” என்பார் அம்மா.

தோப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்தில் கூப்பிட்டார்கள். அப்பா அறுப்பார், சித்தப்பா கயிறு பிடிப்பார். பெட்ரோல் ஊற்றுவதும் மிஷினைச் சுமப்பதும் சித்தப்பா வேலை. சாய்த்துப் பிடித்தால் அந்த ஊசி ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். தோளிலும் தொடையிலும் பட்டு எரியும்.

“அண்ணே, உன் மிஷினு எம்மேல ஒண்ணுக்குப் போகுது. இடுப்புல அரணாக்கொடி கட்டி விடவா?”

எங்கள் பக்கத்தில் மொபெட் டேங்கு கசிந்தால் மெக்கானிக்கிடம் போகமாட்டார்கள். துணி சோப்பைக் கிள்ளி அழுத்தித் தேய்த்துவிடுவார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது, மாதக்கணக்கில் தாங்கும். ஆவணி மாதம் ஒருநாள் துவைக்கிற கல்லருகே அம்மாவின் சத்தம் கேட்டது.

“மஞ்ச சோப்ப எந்த எலி கடிச்சது? நகம் பதிஞ்சிருக்கு, ரெண்டு கால் எலிதான்.”

“பசிச்சுச்சு மதினி” என்றார் சித்தப்பா.

அன்று அப்பா சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றி, சட்டை ஊசியால் சோப்பைக் குத்தி எடுத்தார். “ஏலே, அடைக்காதன்னா அடைக்காத. நின்னு போச்சுன்னா என்னா செய்வ?” என்று மட்டும் சொன்னார். குரல் உயரவில்லை. ஒரு சோப்புத் துண்டுக்கு இம்புட்டுக் கோபமா என்று எனக்கு இருந்தது.

ஆயுத பூசை அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஆயுதங்களுக்குப் பொட்டு வைப்பது என் உரிமை, ஒரே பெண்பிள்ளை என்பதால். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்துத் தருவார் அம்மா. மோட்டார், மொபெட், அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மிக்ஸி என்று வரிசையாக வைத்துக்கொண்டு போவேன். பொட்டு வட்டமாக விழ வேண்டும், ஓரம் பிசிறக் கூடாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

மிஷினுக்கு எங்கே வைப்பது என்று யோசித்தேன். உடம்பெல்லாம் ஆயில். பிளேடில் வைத்தால் வழுக்கியது. கருப்பாக, வட்டமாக, துடைத்துவிட்ட நெற்றி போல இருந்தது மூடி ஒன்றுதான். நடுவில் அந்த ஊசி ஓட்டை, பொட்டுக்கென்றே குறித்து வைத்ததுபோல. விரலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். அதன்மேல் குங்குமம். அந்த வருடம் நான் வைத்ததிலேயே அதுதான் நல்ல பொட்டு.

“ஆத்தா, மாப்பிள்ளைக்கு வச்ச மாதிரில்ல இருக்கு” என்றார் சித்தப்பா.

பூசைப் பொட்டை யாரும் அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதை அப்பாவும் மீறமாட்டார். மறுநாள் விஜயதசமி. ஆயுதத்தைத் தொட்டு எடுத்து ஒரு சின்ன வேலையாவது செய்ய வேண்டும் என்பதால், அப்பா மிஷினைக் கிளப்பி ஒரு தென்னங்கட்டையை இரண்டாக அறுத்துவிட்டு அணைத்தார். ஒரு நிமிடம் ஓடியிருக்கும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆகவே இனி சொல்வது நான் கண்டதல்ல. அன்று மரம் வெட்டக் கூப்பிட்ட தோட்டக்காரர் அம்மாவிடம் சொன்னதும், அப்பா பிறகு சொன்ன இரண்டு வாக்கியங்களும், பல வருடம் கழித்துச் சித்தப்பா சொன்னதும் சேர்ந்தது.

தெற்கே ஒரு தோட்டத்தில், பம்பு அறைமேல் சாய்ந்து நின்ற வாகை மரம். அப்பா முதல் வெட்டைச் சாய்க்க வேண்டிய பக்கத்தில் போட்டார். சித்தப்பா மேல்கிளையில் கட்டிய கயிற்றின் நுனியோடு தூரத்தில் நின்றார். பின்வெட்டு பாதி போனபோது மிஷின் இருமி நின்றது. அப்பா மிஷினின் கயிற்றை இழுத்தார். கிளம்பி, இரண்டு விரற்கடை அறுத்து, மறுபடி நின்றது. அதற்குள் மரம் கொஞ்சம் உட்கார்ந்து பிளேடைக் கவ்விக்கொண்டது. பாதி அறுத்த மரத்தை அப்படி விட்டுவிட்டு வரவும் முடியாது, கிட்டே நிற்கவும் கூடாது.

“கிட்ட வராத” என்று அப்பா கத்தியதைத் தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். சித்தப்பா கயிற்றைப் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடி வந்தார். “தள்ளுண்ணே, நெம்பி விடுறேன், உருவிரு.” நெம்பினார். அப்பா உருவினார். காற்று அடித்ததா, நெம்பியது தப்பா, தெரியாது. மரம் திருகிக்கொண்டு வந்தது. அப்பாமேல் ஒரு இலை விழவில்லை. சித்தப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அடிமரத்தின் கீழ் இருந்தது.

நான் சாயங்காலம் வந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. மிஷின் ஷெட்டில் அதன் இடத்தில் இருந்தது. மூடியில் பொட்டு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சித்தப்பாவைத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை அப்பா அங்கே இருந்தார். வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து மிஷினைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் போனார். துணிமணி எடுக்க வந்திருந்த சித்தி அதைப் பார்த்துவிட்டார்.

“தம்பி காலு நசுங்கிக் கெடக்கு. இவரு மிஷினுக்கு வைத்தியம் பாக்கப் போறாரு. அம்புட்டு அவசரம்!”

இந்த வாக்கியம் எங்கள் வீட்டைவிட்டுப் பிறகு போகவே இல்லை. ஆறாம் நாள் சித்தப்பாவின் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். சித்தியின் அண்ணன்மார் வந்து வாசலில் நின்று, எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“டேங்குல பெட்ரோல் இல்ல. நான் பாக்காம விட்டுட்டேன்.”

அவ்வளவுதான். கேட்டவர்களில் மூத்தவர் காறித் துப்பினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். ஊறுகாய் ஜாடியில் தேதி எழுதுகிற மனிதர் பெட்ரோல் பார்க்காமல் போனார் என்பது எனக்கு விநோதமாக இருந்தது. ஆனால் பெரியவர்களும் மறப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குச் சின்ன சந்தோஷம்கூட. அதுவரை மறதிக்குத் திட்டு வாங்கியது நான் மட்டும்தான்.

மிஷினை அந்த மாதமே கைமாற்றிவிட்டார். ஷெட்டுச் சுவரில் சாக்குக்கட்டித் தேதிகள் கொஞ்ச காலம் இருந்தன. பொது வாசலின் நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது. பிறகு சித்தி குடும்பம் வேடசந்தூருக்குக் குடிபோய்விட்டது. சித்திக்கு நூல் மில்லில் வேலை, சித்தப்பாவுக்கு அதே மில்லின் கேட்டில் நாற்காலி. பொங்கலுக்குப் போக்குவரத்து இல்லை. சித்தப்பாவின் மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகை வரவில்லை. அப்பா ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. கோயில், கல்யாணம் என்று போன இடங்களில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வரவில்லை. “இந்த வருசம் அம்மா வைக்கட்டும்” என்றார் அப்பா. நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதால் என்று நினைத்தேன்.

அப்பா போன ஐப்பசியில் இறந்தார். சித்தப்பா வந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாசலில், பொய்க்கால் தரையில் தட்டுகிற சத்தத்தோடு. மூன்றாம் நாள் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவளாயிட்டியேத்தா.”

“உக்காருங்க சித்தப்பா, காப்பி கொண்டாரேன்.”

“அது கெடக்கட்டும். செத்த நேரம் நில்லு.” ஷெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அன்னைக்கு டேங்கு நெறைய ஊத்துனது நாந்தான். காலையில, இந்த எடத்துல. மூடியத் திருகுனதும் நாந்தான். உங்கப்பன் எதையும் மறக்குற ஆளாத்தா?”

“அப்ப இம்புட்டு நாளா ஏன் சொல்லல?”

அவர் பொய்க்காலின் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது சித்தி வந்து, “மில்லு பஸ் போயிரும், கெளம்புங்க” என்றார். எழுந்துவிட்டார். திருகும்போது மூடியில் பொட்டு இருந்ததா, உதிர்ந்து கிடந்ததா, அவர் வேறு எதையாவது அந்த ஓட்டையில் வைத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அவர் இருக்கிறார். வேடசந்தூர் ஒரு மணி நேர பஸ்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில்தான் சவரப் பெட்டியைத் திறந்தேன். சீட்டு, எட்டாக மடித்து, அந்தக் கருப்பு மூடிக்குள் செருகியிருந்தது. கடைக்காரர் புதிதை மாட்டிவிட்டுப் பழையதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். சித்தி சொன்ன அந்த அவசரம் எதற்கென்று அன்றுதான் தெரிந்தது. மிஷினைச் சரிசெய்ய அல்ல, ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ளப் போயிருக்கிறார். தெரிந்துகொண்டு வந்து பெட்ரோல் இல்லை என்று சொன்னார். காப்பாற்ற அவருக்கு இரண்டு பேர் இருந்தோம். எனக்கு வயது பத்து, அவர் தம்பிக்குக் கால் இல்லை. யாரை நினைத்துச் சொன்னார்?

கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் இருந்தார். சீட்டைப் பார்த்து, கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். என்ன அடைப்பு என்று கேட்டேன்.

“அடப்புன்னா அடப்புதாம்மா. மரத்தூளா இருக்கும். எத்தனை மூடி பாத்திருப்பேன்.”

மூடி என் மேசைமேல் இருக்கிறது. அடைப்பு இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனை அளவுக்குக் காய்ந்த ஏதோ ஒன்று பழுப்பாகத் தெரிகிறது. மஞ்சள் சோப்பும் சந்தனமும் பெட்ரோலில் ஊறிப் பன்னிரண்டு வருடம் கிடந்தால் ஒரே நிறம்தான் ஆகும். முகர்ந்தால் பெட்ரோல் நெடிகூட இல்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சோப்பென்றால் வழுக்கும், நுரைக்கும். சந்தனமென்றால் குழையும். இரண்டும் இல்லையென்றால் மரத்தூள். அப்பாவுக்கும் இது தெரிந்திருக்கும். அவர் அந்தச் சொட்டை விட்டுப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி, அடைப்பு அப்படியே இருப்பதுதான்.

மூடியின் உள்ளும் புறமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். அப்பாவின் பொருள்களில் தேதி எழுதாதது இது ஒன்றுதான்.

ஓட்டையை அடைத்தது எது என்பது, இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.